யாகப்பன் பூட்டிய ஸ்டியரிங்

சவரிமுத்து ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். வண்டி இடப்பக்கம் திரும்பிப் பந்தல்காலில் மோதி நின்றது. கீற்று ஒன்று அவர் தலைமேல் விழுந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ஆளுக்குச் சேதமில்லை என்று தெரிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

"மூணாவது தடவைங்க," என்றான் பக்கத்து வீட்டு மாரியப்பன். "இருவத்திரண்டு வருசமா ஓசூர் பஸ்ஸு ஓட்றவரு நீங்க."

"பஸ்ஸு ஒடிச்ச பக்கம் திரும்பும்டா."

வீட்டுக்குள் சவப்பெட்டியில் படுத்திருந்த அண்ணன் யாகப்பன் பார்த்த வேலை இது. ஊர்க் கிணறுகளின் ஆயில் இன்ஜினுக்கெல்லாம் அவர்தான் ரிப்பேர். ஆறு வருடமாக மாட்டுக் கொட்டகையில் இந்த வண்டியைக் கட்டினார். ஜீப் இன்ஜின், கூரையை அறுத்தெடுத்த பழைய கார், லாரி சீட்டு. கடைசியில் ஓசூர் பழைய இரும்புக் கடையில் ஒரு வெளிநாட்டுக் காரின் ஸ்டியரிங் கிடைத்தது. தண்டும் அடியில் பல்சக்கரப் பெட்டியுமாக, முழுசாக. ஆனால் அது இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற கார். வலப்பக்கம் கொண்டுவருவதற்காக யாகப்பன் அந்தப் பல்சக்கரப் பெட்டியைத் தலைகீழாகப் பூட்டினார். தண்டு அழகாகப் பொருந்தியது. சக்கரங்கள்தான் சொன்னதற்கு நேரெதிராகத் திரும்பின.

"கழட்டித் திருப்பிப் பூட்டுண்ணா," என்றார் சவரிமுத்து, மூன்று மாதத்துக்கு முன்னால்.

"கைக்குப் பழகினா சரியாப் போயிரும்."

"உன் வண்டியில பொணங்கூட ஏறாது."

"நானே ஏறிக் காட்றன் பாரு."

அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன யாகப்பன் தொட்டியருகே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அண்ணனை இந்த வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும் என்று காலையில் பிடிவாதம் பிடித்தது சவரிமுத்துதான். தோளில் தூக்கிப் போனால் தான் சொன்னது பலித்துவிட்டதாகிவிடும். அதை அவரால் தாங்க முடியாது.

சர்ச் உபதேசியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்குப் பூசை. சாமியார் காத்துக்கிட்டிருப்பாரு. தோள்லயே தூக்கிரலாமே சவரி?"

"இன்னொரு தடவ பாக்கறனுங்க."

அண்ணி பாக்கியமேரி வாசலுக்கு வந்தாள். அழுது வீங்கிய முகத்தோடு சாய்ந்த பந்தலை ஒருமுறை பார்த்தாள்.

"எறங்குங்க தம்பி."

"நீங்க உள்ள போங்க அண்ணி. நான் பாத்துக்கறன்."

"இன்னும் மூணு காலுதான் பாக்கி. எறங்குங்க."

இறங்கினார். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கியர் விழுந்தது. வண்டி பின்னால் வந்து, வைக்கோல்போரைச் சுற்றி, கிணற்றுக்கும் தொட்டிக்கும் நடுவில் நுழைந்து, வாசற்படிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பெண்கள் மறுபடி அழுகையை நிறுத்தினார்கள். இந்தமுறை தொடரவில்லை.

"எப்ப அண்ணி கத்துக்கிட்டீங்க?"

"ஞாயித்துக்கெழம சாயங்காலத்துல. ஏரிதான் காஞ்சு கெடக்குதே, அதுக்குள்ள."

"எனக்கே கை வரலியே..."

"உங்களுக்கு வேற வண்டி தெரியும். எனக்கு இது ஒண்ணுதான தெரியும்?"

உபதேசியார் தொண்டையைச் செருமினார். "லைசென்ஸு இல்லாம எப்படிம்மா..."

"லைசென்ஸு வெச்சிருக்கறவரு பின்னாடிதான படுத்துக்கிட்டு வரப்போறாரு."

மாரியப்பன் சிரித்துவிட்டு, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான்.

பெட்டியை ஏற்றினார்கள். கூரையில்லாத பின்பக்கத்தில் அது அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. சவரிமுத்து அண்ணி பக்கத்தில் ஏறிக்கொண்டார். வண்டி நகர்ந்ததும் அவர் கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் மடியிலிருந்த கைகள் தாமாகவே ஒடித்தன, வண்டி போகிற பக்கமாக. அவளோ எதிர்ப்பக்கம் ஒடித்துக்கொண்டு வந்தாள்.

பூசை முடிந்தது. கல்லறைக்குப் போகும் மண்பாதையில் அவள் முன்னால் பார்த்தபடியே பேசினாள்.

"நீங்க கோவிச்சுக்கிட்டுப் போன மறுநாளே ஸ்பானர எடுத்துக்கிட்டு அடியில படுத்துட்டாரு. 'சவரி சொன்னதுதான் சரி, திருப்பிப் பூட்டிடறேன்'னாரு. நாந்தான் வேணாம்னேன். எனக்கு அப்பத்தான் கை பழகியிருந்துச்சு."

பின்னால் பெட்டி லேசாக ஆடியது. சவரிமுத்து அதன்மேல் ஒரு கையை வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்ட அவரு இதச் சொல்லலியே," என்றார் கொஞ்ச தூரம் போனதும்.

"உங்களுக்குத் தெரியாதா அவர?"

கல்லறைத் தோட்டத்தின் கேட் வலப்பக்கம் வந்தது. பாதை குறுகல், ஓரத்தில் பள்ளம். நடந்து வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அவள் வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை நிதானமாக இடப்பக்கம் சுற்றினாள். வண்டி வலப்பக்கம் திரும்பி, கேட்டின் இரண்டு தூண்களுக்கும் சரிநடுவில் நுழைந்தது.

சவரிமுத்து குனிந்து தன் மடியைப் பார்த்தார். பெட்டியைப் பிடிக்காத அந்த ஒரு கை இடப்பக்கம் சுற்றியிருந்தது.