நகல் பிரிவில் ஒரு ஹெல்மெட்

“மானம் என்பது மலை உச்சியில் ஏற்றிய தீபம். ஊரே அண்ணாந்து பார்க்கும். அது ஒரு நொடி அணைந்தாலும் குடும்பமே இருட்டு.”

இந்த வாக்கியங்களைத் திருவண்ணாமலையின் எல்லாக் கல்யாண மண்டபங்களிலும் மைக் பிடித்துச் சொன்னவர் உரக்கடை ஜம்புகுமார். இருபத்திரண்டு வருஷமாக அவருடைய வாழ்த்துரை முடியாமல் பந்தி தொடங்கியதில்லை. பெருமையாக இதை அவர் சொல்வார். பசியோடு உட்கார்ந்திருந்தவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, நீதிமன்ற வளாகத்தில் நகல் பிரிவு ஜன்னலுக்கு முன்னால், தலையில் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தார். முகத்தை மூடும் கண்ணாடியையும் இறக்கிவிட்டிருந்தார். செங்கம் ரோட்டில் வண்டி ஓட்டும்போது ஒரு நாளும் போடாத ஹெல்மெட் அது. விலை ஒட்டிய சீட்டுகூட இன்னும் கிழியவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகள் த்ரிசலா விவாகரத்து வாங்கினாள். ஊருக்கு அவர் அதைச் சொல்லவில்லை. மாப்பிள்ளை மஸ்கட்டில் வேலைக்குப் போயிருக்கிறார், விசா கிடைக்கும் வரை பெண் சென்னையில் தங்கி வேலை பார்க்கிறாள் என்று சொன்னார். ‘நயினார்’ என்று ஊர் கூப்பிடும் சமண வீடுகள் இந்த ஜில்லாவில் கம்மி, விசாரிக்கிறவர்கள் ஜாஸ்தி. கேள்வி வரவர மாப்பிள்ளையும் முன்னேறினார். இரண்டு பதவி உயர்வு வாங்கினார், கார் வாங்கினார், போன வருஷம் முதுகுவலிக்கு வைத்தியமும் பார்த்துக்கொண்டார். உண்மையான மாப்பிள்ளை வேலூரில் வேறு கல்யாணம் செய்துகொண்டு சௌக்கியமாக இருந்தார்.

தீர்ப்பின் நகலை த்ரிசலா வீட்டில்தான் வைத்திருந்தாள். போன ஆடி மாதம் சொந்தக்காரர்கள் நான்கு நாள் தங்க வந்தார்கள். துண்டு தேடுகிற சாக்கில் எவராவது அலமாரியைக் குடைந்தால் என்ன ஆவது என்று பயந்து, ஜம்புகுமார் அந்த நகலை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்துவிட்டார். அன்று வெந்நீர் சீக்கிரம் காய்ந்தது.

இப்போது த்ரிசலாவுக்கு மறுபடி கல்யாணம். கூட வேலை செய்யும் சுரேஷ்குமார். பதிவு அலுவலகத்தில் தேதி வாங்கியாயிற்று, இருபத்தாறாம் தேதி. முதல் கல்யாணம் முறைப்படி முடிந்ததற்கான நகல் இல்லாமல் பதிவு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் மனுவைப் பூர்த்தி செய்து, அப்பாவை அனுப்புகிறேன் என்று ஒரு கடிதத்திலும் கையெழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்பினாள்.

“நீயே ஒரு நாள் லீவு போட்டு வந்துட்டுப் போயேம்மா” என்றார் போனில்.

“எரிச்சது நீங்கதானே அப்பா. எடுத்துக் குடுக்கறதும் நீங்களே செய்ங்க” என்று வைத்துவிட்டாள்.

நகல் பிரிவில் இருந்த அருணாதேவி மனுவை வாங்கி முத்திரை குத்தினார். “நம்பர் போர்டுல ஒட்டுவோம் சார். தினம் வந்து பாருங்க. உங்க நம்பர் வந்தா மூணு நாளைக்குள்ள நகல் எடுக்கிற முத்திரைத்தாள வாங்கிக் கட்டணும். கட்டலன்னா மனு ரத்தாயிடும். ஹெல்மெட்டுக்குள்ள கேட்டுச்சா?”

கேட்டது. ஆனால் அந்த அறிவிப்புப் பலகை நடைபாதையின் நட்டநடுவில் இருந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து நிலத்தகராறுகள் பாதி அதன் கீழேதான் நிற்கும். அவர்களில் பாதிப் பேர் இவரிடம் யூரியா வாங்குகிறவர்கள். அதனால் மதியம் ஒன்றரை மணிக்கு, எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, ஹெல்மெட்டோடு போய்ப் பார்த்தார். ஹெல்மெட் போட வேண்டுமென்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டும். மூக்குக்கண்ணாடி இல்லாமல் பலகையில் எறும்பு ஊர்வது மாதிரி தெரிந்தது. பக்கத்தில் எவரையாவது கேட்கலாம். கேட்டால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். மைக்கில் கேட்ட குரல் அல்லவா. இப்படி ஆறு நாள் வந்து, ஆறு நாளும் எறும்புகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

ஏழாம் நாள் ஜன்னலில் விசாரித்தபோது மனு ரத்தாகியிருந்தது.

அன்று வீட்டில் அவருடைய மனைவி கனகலதா சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “இன்னாங்க, நகல் வந்துச்சா?”

“ஆபீஸ்ல ஏதோ சிக்கல்.”

“சிக்கல் ஆபீஸ்லயா, உங்க மண்டையிலயா? மஸ்கட் மாப்பிள்ளைக்கு ப்ரமோஷன் வாங்கித் தர தெரிஞ்ச ஆளுக்கு, சொந்தப் பொண்ணுக்கு ஒரு பேப்பர் வாங்க தெரியல.” மோரை ஊற்றினாள். “தேதி தள்ளிப்போச்சுன்னா அந்தப் புள்ளையாண்டான் வீட்டுல என்ன நெனைப்பாங்க? இவ சொன்னது எல்லாம் பொய்னு நெனைக்க மாட்டாங்க?”

அவர் தட்டுக்கு மேல் குனிந்துகொண்டார். மோர் மட்டும் சத்தமாக இறங்கியது.

மறுநாள் அருணாதேவியின் மேஜைக்கே போனார். ஒரு ஸ்வீட் பாக்ஸ், அதற்கு அடியில் ஒரு கவர். “மேடம், நகல யாராவது வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துட்டா… நான் இங்க வந்து நிக்கற மாதிரி இல்லாம…”

“ரெண்டையும் உங்க பைக்குள்ளயே வைங்க சார்” என்றார் அவர், தலை நிமிராமல். “அப்படியே அந்த ஹெல்மெட்டையும் கழட்டுங்க. ஜெயில்ல இருந்து தப்பிச்சவங்ககூட இவ்வளவு ஜாக்கிரதையா வர மாட்டாங்க.”

பக்கத்து மேஜையில் எவரோ சிரித்தார்கள். ஜம்புகுமார் ஹெல்மெட்டைக் கழற்றினார். அருணாதேவி புது மனுத்தாளை நீட்டினார். “உங்க பொண்ணு குடுத்த கடிதமே போதும். நீங்களே எழுதுங்க. வழக்கு எண், வருஷம், தீர்ப்பு தேதி.”

பேனா நின்றது. போன மனுவை எழுதியவள் த்ரிசலா. பிரதி எடுத்து வைக்க இவருக்குத் தோன்றவில்லை.

“எண் தெரியாதுங்க.”

“தீர்ப்பு என்னைக்கு ஆச்சு?”

“மழைக்காலம்னு நெனைக்கறேன்.”

“எந்த கோர்ட்ல நடந்துச்சுன்னாவது?”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே மூன்று கட்டடங்கள் இருந்தன. எந்தக் கட்டடத்தின் படியிலும் மகளோடு அவர் ஏறியதில்லை.

அருணாதேவி பதிவேட்டை எடுத்துவரச் செய்தார். உதவியாளர் முருகையன் தூசி தட்டி விரித்துக் கொடுத்தார். “த்ரிசலா, தகப்பனார் ஜம்புகுமார். இதோ இருக்கு.” அருணாதேவியின் விரல் மேலிருந்து கீழே இறங்கியது. வாய்தா, வாய்தா, வாய்தா. இருபத்திமூன்று வாய்தா. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘மனுதாரர் ஆஜர்’ என்று இருந்தது. எதிர்த்தரப்புப் பையன் ஒன்பது தடவை வரவில்லை. அவள் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

“இந்தப் பொண்ணா?” என்றார் முருகையன். “எனக்கு ஞாபகம் இருக்குதுங்க. கையில ஒரு டிபன் பாக்ஸ் வெச்சிகினு கடைசி பெஞ்சில உக்காந்திருக்கும். கூட யாரும் வர மாட்டாங்க. அப்பா அம்மா இல்லாத பொண்ணுன்னு நெனைச்சேன்.”

ஜம்புகுமார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க வேண்டிய அழுக்கு அதில் எதுவும் இல்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க சார்” என்றார் அருணாதேவி. “பன்னெண்டு வருஷமா இங்க உக்காந்திருக்கேன். டைவர்ஸ் வாங்கின பொண்ணுங்க யாரும் மூஞ்சிய மூடிகினு வந்ததில்ல. தீர்ப்புத் தாள வாங்கி, படிச்சுப் பார்த்து, நேரா நடந்து போவாங்க. அப்பாங்கதான் இப்படி வர்றீங்க.”

அடுத்த மூன்று நாளும் அவர் காலை பதினொன்றுக்கே போனார். மூக்கில் கண்ணாடி, தலையில் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் பலகையில் நம்பர் இருந்தது. விரல் வைத்துச் சரிபார்க்கும்போது பின்னால் ஒரு குரல் கேட்டது.

“நயினாரே, இன்னா இந்தப் பக்கம்?”

தசரதன். கடையின் பழைய வாடிக்கைக்காரர், நிலத்தகராறில் ஊறியவர். எந்தச் செய்தியையும் சாயங்காலத்துக்குள் கீழ்பென்னாத்தூருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்.

ஜம்புகுமாரின் வாய் பழக்கத்தில் மஸ்கட்டுக்குக் கிளம்பியது. பாதியில் நிறுத்தினார். “பொண்ணோட டைவர்ஸ் நகல் வாங்க வந்தேன். மூணு வருஷம் ஆச்சு. மஸ்கட்ல நமக்கு யாரும் இல்ல தசரதா.”

சொல்லி முடித்ததும் பூமி பிளக்கும் என்று ஒரு கணம் காத்திருந்தார்.

“அது தெரிஞ்ச விஷயம்தானே” என்றார் தசரதன், பலகையில் தன் நம்பரைத் தேடிக்கொண்டே. “அந்தப் பையனுக்கு வேலூர்ல கல்யாணம் ஆனப்பவே தெரியும். நீங்க மஸ்கட் கதை சொல்லுவீங்க, கேக்க நல்லாருக்கும், சும்மா இருந்துட்டோம். முதுகுவலி சரியாச்சான்னு மட்டும் எங்க வீட்ல கேட்டுகினு இருந்தாங்க.”

முத்திரைத்தாளைக் கட்டிவிட்டு, நடைபாதையில் நின்றபடியே மகளுக்குப் போன் செய்தார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். குரலைத் தணிக்கவில்லை.

“த்ரிசலா, நாளைக்கு நகல் கைக்கு வந்துடும். நானே எடுத்துகினு வரேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “நான் மேடை மேடையா மானம் மானம்னு பேசினேன்மா. பொண்ணு ஒரு மோசமான கல்யாணத்துல இருந்து வெளிய வந்தது மானக்கேடு இல்ல. அவள கோர்ட்ல தனியா உக்கார வெச்சிட்டு அப்பன் ஒளிஞ்சிகினான் பாரு, அதுதான் மானக்கேடு. இது எனக்குத் தெரியறதுக்கு மூணு வருஷம் ஆயிடுச்சு.”

“தீர்ப்பயும் முழுசா படிச்சிட்டு வாங்கப்பா” என்றாள்.

மறுநாள் நகல் வந்தது. நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஏழாவது பத்தியில் அவருடைய பெயர் இருந்தது. கை வீங்கிப்போய்த் தான் பிறந்த வீட்டுக்கு வந்த காலையில் அதை நேரில் பார்த்தவர் தன் தந்தை ஒருவரே என்று மனுதாரர் கூறியதாகவும், தந்தைக்குச் சாட்சி சொல்ல அனுப்பிய அழைப்பாணை ‘வெளியூர் சென்றுள்ளார்’ என்ற குறிப்புடன் திரும்பி வந்ததாகவும், அதனால் வழக்கு மேலும் எட்டு மாதம் நீண்டதாகவும் அதில் எழுதியிருந்தது.

அழைப்பாணை வந்த அன்று அவர் வெளியூர் போகவில்லை. பீரோவுக்குப் பின்னால் நின்றிருந்தார்.