கிளைடரின் மூக்குக்குள் அண்ணி

வீட்டில் கடைசியாகப் பிறந்தவள் என்பதால் அவளுக்குப் பொடிசு என்று பெயர் விழுந்தது. முப்பத்தாறு வயதில் ஐந்தடி ஒன்பது அங்குலம் வளர்ந்து நின்ற பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. பள்ளியில் பூகோளம் நடத்துவாள். சனிக்கிழமை விடிந்தால் ஊருக்கு வெளியே இருக்கும் பறக்கும் மைதானத்துக்கு ஓடிவிடுவாள். அங்கே எஞ்சினே இல்லாத கிளைடரில் ஏறி, வெயிலில் சூடாகி மேலே எழும் காற்றைத் தேடிப் பிடித்து, அதற்குள்ளேயே வட்டம் போட்டுப் போட்டு உயரப் போவாள். இரண்டு பேர் உட்காரும் அந்தக் கிளைடரை அவளும் அவள் அண்ணனும் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். அண்ணனுக்கு முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து அவள் தனியாகத்தான் பறந்தாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவள் அப்படி வட்டமடித்துக்கொண்டிருந்தபோது, அதே காற்றுக்குள் இன்னொரு கிளைடர் புகுந்தது. ஓட்டியவர் மைதானத்தில் எல்லோருக்கும் தெரிந்த பல் டாக்டர். இரண்டு இறக்கை நுனிகளுக்கும் நடுவே ஒரு ஆள் கையை விரித்துக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான் இடைவெளி. எப்படியோ இருவரும் விலகி, உயிரோடு இறங்கினார்கள். இறங்கிய கையோடு சண்டை ஆரம்பித்தது.

"நான்தான் முதல்ல வந்தேன். கையைக் காட்டினேனே, பார்க்கலையா டாக்டர்?"

"கை எங்கம்மா தெரிஞ்சுது? நீங்க வாயைப் பிளந்து கத்தினதுதான் தெரிஞ்சுது. கீழ் வரிசையில ரெண்டு சொத்தைப் பல் இருக்கு. சீக்கிரம் வந்து காட்டுங்க."

பொடிசு அதற்குமேல் அவரோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை. சங்கத்துக்காரர்கள் இருவருக்கும் ஒரே தீர்ப்பாகச் சொல்லிவிட்டார்கள்: மோதல் எச்சரிக்கைக் கருவி பொருத்தாமல் இரண்டு பேரும் தரையை விட்டு எழக்கூடாது. இந்தக் கருவி உள்ளங்கை அகலம்தான். தான் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று ரேடியோவில் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் பறக்கும் கருவிகள் சொல்வதையும் கேட்டுக்கொள்ளும். அருகில் யாராவது இருந்தால் அந்தத் திசையில் பச்சை விளக்கு எரியும். இரண்டு பாதையும் முட்டிக்கொள்ளும் போலிருந்தால் சிவப்பு விளக்கு எரிந்து கீச்சுக் கீச்சென்று கத்தும்.

கருவி தபாலில் வந்துவிட்டது. அதைப் பொருத்தத்தான் ஆள் இல்லை. முகப்புப் பலகைக்குப் பின்னால், கிளைடரின் மூக்குக்குள், தலைகீழாக நுழைந்து வயர் இழுக்க வேண்டும். பொடிசின் தோள் அதற்குள் போகவே போகாது.

"என்னைக் கூப்பிட்டா வரமாட்டேன்னா சொல்லப்போறேன்?" என்றாள் அண்ணி.

அண்ணி லிஃப்ட் மெக்கானிக். நாலடி பதினொரு அங்குலம். பதினாலு மாடி லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டே, பேச்சை நிறுத்தாமல் வயர் முடிபவள். ஆனால் கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் கிளைடரில் ஏறியதில்லை. கேட்டால், "நான் கட்டடத்துக்குள்ளதான் மேல போவேன், வெளியில போறதுக்கு எனக்கு என்ன தலையெழுத்தா?" என்பாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கருவிப்பெட்டியோடு வந்து கொட்டகையில் இறங்கினாள். கிளைடரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். விரலால் தட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு லேசா இருக்கு! இதை நம்பியா எங்க வீட்டுக்காரர் இத்தனை வருஷம் மேல போனார்?"

சொல்லிக்கொண்டே முகப்புப் பலகையைக் கழற்றிவிட்டாள். அளந்து, துளை போட்டு, விளிம்பை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கினாள். ஜி.பி.எஸ். ஆன்டெனாவுக்கு வானம் தெரிய வேண்டும் என்பதால் அதைப் பலகையின் உச்சியில் ஒட்டினாள். திசைகாட்டிப் பக்கம் ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுபோனபோது முள் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடியது. "கோவிச்சுக்காதே ராசா" என்று முள்ளுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, காந்தம் இல்லாத வேறொன்றை எடுத்துக்கொண்டாள். அது மறுபடி ஆடாமல் இருக்க மின்சார வயர் இரண்டையும் ஜடை பின்னுவதுபோல் முறுக்கினாள். பின் சீட்டில் இருப்பவர் பார்க்கவும் அதே விளக்குகளைக் காட்டும் ஒரு சின்ன முகப்பு வைத்தாள். கடைசியாக, மூக்குக்குள் வயரைக் கட்டிப்போடத் தலைகீழாக நுழைந்தாள். இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இரண்டு கால் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றது.

அந்த நேரம் பார்த்து சங்கத்தின் ஆய்வாளர் வந்து சேர்ந்தார். பொருத்திய வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அவர் சிரித்து அந்த மைதானத்தில் யாரும் பார்த்ததில்லை.

"வணக்கம்" என்றார், கால்களைப் பார்த்து.

"வணக்கம் சார்" என்றது மூக்கு.

"ஃப்யூஸ் போட்டிருக்கா?"

வலது கால் கட்டைவிரல் மேலும் கீழும் அசைந்தது. ஆமாம் என்று அர்த்தம்.

"வயர் எதுவும் கண்ட்ரோல் கம்பியில உரசுதா?"

இரண்டு பாதமும் இடவலமாக ஆடின. ஆய்வாளர் காகிதத்தில் குறித்துக்கொண்டார். "சரி, வெளிய வாங்க. நான் பார்க்கணும்."

கால்கள் கொஞ்சம் உதைத்தன. பிறகு நின்றன.

"பொடிசு," என்றது மூக்கு, மெதுவாக, "என் பெல்ட் எதுலயோ மாட்டிக்கிச்சு."

பொடிசு ஒரு காலைப் பிடித்தாள். ஆபத்துக்குப் பாவமில்லை என்று ஆய்வாளர் இன்னொரு காலைப் பிடித்தார். இழுத்தார்கள். உள்ளே இருந்து "ஐயோ, கூசுது, பாதத்தைத் தொடாதீங்க" என்ற குரலும் அதைத் தொடர்ந்து பெரிய சிரிப்பும் வந்தன.

"சிரிக்காதீங்க அண்ணி! சிரிச்சா வயிறு உப்புது, இன்னும் இறுகுது!"

"நானா சிரிக்கிறேன்? அவர் விட்டாத்தானே நிறுத்த முடியும்!"

இதைக் கேட்டதும் பொடிசுக்குப் பிடி நழுவிவிட்டது. அவள் தரையில் உட்கார்ந்து சிரிக்க, ஆய்வாளர் ஒற்றைக் காலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு அவருடைய மீசை நடுங்கியது. தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கடைசியில் அண்ணியே உள்ளுக்குள் கையை வளைத்துப் பெல்ட்டை அவிழ்த்து, சோடா பாட்டில் மூடிபோல் பொத்தென்று வெளியே வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. "வேலை முடிஞ்சுது" என்றாள்.

கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே ஜி.பி.எஸ். வேலை செய்யாது. மூக்கு வெளியே நீட்டும்வரை மூவரும் கிளைடரை முன்வாசலுக்குத் தள்ளினார்கள். சுவிட்சைப் போட்டதும் விளக்குகள் ஒரு சுற்று மின்னின. அப்புறம் ஒரே ஒரு பச்சை விளக்கு மட்டும் நின்று எரிந்தது. அது நேர் பின்பக்கத்து விளக்கு.

"பின்னாடி யாரோ பறக்கறாங்களாம்" என்றாள் அண்ணி. மூவரும் திரும்பினார்கள். பின்னால் கொட்டகைதான் இருந்தது.

"தப்பா மாட்டிட்டீங்களோ?" என்றார் ஆய்வாளர்.

"நானா? தப்பாவா?" அண்ணிக்கு ரோஷம் வந்துவிட்டது. கொட்டகையைச் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். மற்ற இருவரும் பின்னால் ஓடினார்கள்.

கொட்டகையின் பின்வாசலில் இன்னொரு கிளைடரின் மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் விளக்கு, கையில் ரப்பர் உறை. பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை முகப்புப் பலகைக்குப் பின்னால் விட்டு ஒரு திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய கருவியிலும் பின்பக்கத்துப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பொடிசைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைச் சட்டைப் பையில் ஒளித்தார். "சும்மா... சுத்தம் பண்ணிட்டிருந்தேன்."

"நாங்களும்தான்" என்றாள் பொடிசு. அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அண்ணி அதையெல்லாம் கவனிக்கவில்லை. "பார்த்தீங்களா சார்? நான் மாட்டினது சரிதான்!" என்று ஆய்வாளரைப் பிடித்துக்கொண்டாள்.

"தரையில சரி," என்றார் ஆய்வாளர். "மேலயும் பார்க்கணும். ரெண்டு கிளைடரும் போகணும். உங்க கிளைடர்ல பின் சீட்டு முகப்பை ஒருத்தர் கவனிக்கணும். நான் ஏறினா எடைக் கணக்கு தாண்டிடும்." பேசி முடித்துவிட்டு அண்ணியையே பார்த்தார். பொடிசும் பார்த்தாள். டாக்டர்கூடப் பார்த்தார்.

"ஏன் எல்லாரும் என்னையே பார்க்கறீங்க?"

பிற்பகல் மூன்று மணிக்கு, டாக்டரின் கிளைடர் முதலில் மேலே போன பிறகு, அண்ணி பின் சீட்டில் வாரால் கட்டப்பட்டிருந்தாள். அதற்கு முன்னால் மைதானத்தின் கோடிக்கு நடந்துபோய், கிளைடரை இழுத்து மேலே ஏற்றும் வின்ச்சின் வடத்தைக் கையால் தடவிப் பார்த்து, எப்போது மாற்றியது, எத்தனை இழை என்று வின்ச்காரரைக் குடைந்தெடுத்துவிட்டு வந்திருந்தாள்.

வடம் இறுகியது. கிளைடர் பத்தடி உருண்டது. அடுத்த நொடி மூக்கு வானத்தைப் பார்க்க, முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ள, ஜிவ்வென்று ஏறியது.

"பொடிசூ! எந்த மாடிக்குடீ போறே!"

"நூறாவது மாடி அண்ணி!"

டங்கென்று வடம் கழன்றது. சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. காற்று இழையும் ஓசை மட்டும் கேட்டது. அண்ணி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். கொட்டகை தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. இன்னொரு கண்ணையும் திறந்தாள். அப்போது ஏதோ பீப் பீப் பீப் என்று கத்தியது.

"மோதப்போறோம்! திருப்பு! திருப்பு!"

"அது நீங்க மாட்டின கருவி இல்ல அண்ணி! அது வேற மீட்டர். காத்து நம்மளத் தூக்குது, அதைத்தான் சொல்லுது."

பொடிசு இறக்கையைச் சாய்த்து வட்டத்துக்குள் நுழைந்தாள். அடிவயிற்றில் யாரோ கையை வைத்து ஏந்தியதுபோல் கிளைடர் எழும்பியது. அண்ணிக்குத் தலை சுற்றியது. சுற்றினாலும் பிடித்திருந்தது. ஊஞ்சலில் உச்சிக்குப் போன குழந்தைபோல் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்தாலும் கண் முகப்பைவிட்டு அகலவில்லை.

அதனால்தான் பச்சை சிவப்பாக மாறியதை அவள் உடனே பார்த்தாள். கருவி கீச்சுக் கீச்சென்று அலறியது.

"வலது பக்கம்! கொஞ்சம் மேல!"

பொடிசு பார்த்தாள். அந்தப் பக்கம் சூரியன். கண் கூசியது, ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்காகக் காத்திருக்காமல் இடது பக்கம் சாய்த்து விலகினாள். வெளிச்சத்துக்குள்ளிருந்து ஒரு கிளைடரின் வெள்ளை வயிறு புறப்பட்டு வந்து, எதிர்ப்பக்கமாகத் திரும்பி விலகியது. டாக்டரின் கருவியும் அதே நேரத்தில் கத்தியிருக்க வேண்டும். நடுவில் ஒரு கால்பந்து மைதானமே போகும் அளவுக்கு இடைவெளி இருந்தது. கருவி அமைதியானது.

பொடிசு கிளைடரை மறுபடி வட்டத்துக்குள் திருப்பினாள். கருவி இல்லாதிருந்தால் அவள் கடைசி வரைக்கும் அவரைப் பார்த்திருக்க மாட்டாள். போன தடவையும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவருக்கு அன்றைக்குச் சூரியன் எதிரே இருந்திருக்கும்.

ரேடியோவில் டாக்டரின் குரல் வந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கியது. "பார்த்துட்டேம்மா. இப்பத்தான் பார்த்தேன். வெயில்... அன்னிக்கும் கடைசி நொடி வரைக்கும் நான் உங்களைப் பார்க்கவே இல்ல. முன்னாடியே பார்த்த மாதிரி சண்டை போட்டேன்."

"நானும் உங்க பக்கம் திரும்பிப் பார்க்கலை டாக்டர். கடைசியிலதான் கையைக் காட்டினேன்."

தூரத்தில் டாக்டரின் கிளைடர் மெதுவாகத் திரும்பியது.

"நான் அந்த வட்டத்துக்குள்ள வரலாமா?" என்று கேட்டார் டாக்டர்.

"வாங்க. எதிர்ப்பக்கமா வாங்க."

அவர் வந்தார். ஒரே வட்டத்தின் இரண்டு பக்கங்களில், ஒன்றை ஒன்று துரத்துவதுபோல் இரண்டு கிளைடரும் சுற்றிச் சுற்றி ஏறின. கருவியில் ஒற்றைப் பச்சை விளக்கு அமைதியாக எரிந்தது. டாக்டர் கை அசைத்தார். அண்ணி இரண்டு கையையும் தூக்கி அசைத்தாள். பொடிசு வாயை அகலத் திறந்து, கீழ் வரிசைப் பல்லைக் காட்டினாள்.

"தெரியுது, தெரியுது!" என்று ரேடியோ சிரித்தது. "திங்கட்கிழமை வந்துடுங்க!"

மேகத்தின் அடிவயிறு வரைக்கும் ஏறினார்கள். ஒரு மணி நேரம் கழித்து இறங்கினார்கள். அண்ணி புல்லில் நாலடி நடந்து, அப்படியே மல்லாந்து படுத்துக்கொண்டாள். ஆய்வாளர் காகிதத்தோடு ஓடி வந்தார்.

"கருவி எப்படி?"

"கருவியா?" என்றாள் அண்ணி, வானத்தைப் பார்த்தபடியே. "அது பாட்டுக்கு நல்லா வேலை செய்யுது சார். கையெழுத்தைப் போடுங்க. பொடிசு, வெயில் இன்னும் இருக்கில்ல? வடத்தை மாட்டச் சொல்லு."