முதல் சொட்டு

மதுவிலக்கு இருந்த ஐம்பத்தெட்டாம் வருஷம், மலைமேல் திண்ணனூர் நாட்டில் எங்கள் ஊர்ப் பாதையோரம் காளியண்ணன் ஓர் ஓட்டல் வைத்திருந்தான். முன்னால் இரண்டு பெஞ்சு, டீ, போண்டா. மூங்கில் தட்டிக்குப் பின்னால் சாராயம். மலையேறி வரும் போலீஸ்காரர்கள் சந்தேகப்படக் கூடாதென்று, குடிக்க வருகிறவர்களைக் குழந்தையோடு வரச் சொல்வான். குழந்தை விளையாடுகிற இடத்தில் சாராயம் இருக்குமென்று யார் நினைப்பார்கள்?

சின்னராசு மட்டும் தன் ஐந்து வயது மகள் மயிலம்மாளைக் கூட்டிப்போவான். வாசலில் புளியங்கொட்டை வைத்து ஆடுவாள். வெயில் ஏறினால் தட்டிக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு, கண்ணுகளா. குழந்தை பார்த்திருக்க நாங்கள் எதையும் வாயில் வைக்க மாட்டோம். பலாச்சுளையோ களியோ, முதல் வாய் அதற்குத்தான். கொடுக்காமல் தின்றால் அதன் ஏக்கம் நம் வயிற்றைப் பிடிக்கும் என்று பயம். அந்தப் புத்திகெட்ட ஆண்கள் தட்டிக்குப் பின்னாலும் வழக்கத்தை விடவில்லை. சாராயத்தை விரலில் தொட்டு மயிலம்மாள் நாக்கில் தடவினார்கள். ஒருவரா, இருவரா? பத்துப் பேருக்கு மேல்.

ஒரு மத்தியானம் பிள்ளை தள்ளாடி வந்து வீட்டு வாசலில் விழுந்தது. தாய் பாவாயி தூக்கி முகர்ந்து பார்த்தாள். பயப்படாதீர்கள், சாயங்காலம் வாந்தியெடுத்துத் தெளிந்துவிட்டாள். ஆனால் பாவாயி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த மத்தியானமே ஓட்டலுக்குப் போனாள். பக்கத்து வீட்டுக்காரியான நானும் பின்னால் ஓடினேன்.

"ஏய்யா காளியண்ணா, எம்புள்ள இனி இங்க வரக்கூடாது. வந்தா நீதான் தொரத்தோணும்."

"நான் எதுக்கு அம்மணி தொரத்தறேன்? அப்பங்காரன் கூட்டியாரான். புள்ளை இருந்தாத்தான் கடைக்கு லட்சணம்."

உள்ளேயிருந்து சின்னராசு சிரித்தான். "ஏ புள்ள, ஒரு சொட்டுக்கா இந்தக் கூப்பாடு? குடுக்காமக் குடிச்சா எங்களுக்கு வவுறு வலிக்குமில்ல?"

"உங்க வவுறு வெடிக்கட்டும்!"

"நாளைக்கும் கூட்டியாருவேன். என்ன பண்ணிருவே?"

பாவாயி விடுவிடென்று வீட்டுக்குத் திரும்பினாள். மறுநாள் காலையில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். மத்தியானம் பதினோரு பெண்கள், குழந்தைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தட்டிக்கு உள்ளே நுழைந்தோம். அவரவர் பிள்ளையை அவரவர் புருஷன் முன்னால் உட்கார வைத்தோம். என் ஒரு வயது மகன், தன் அப்பன் வேலப்பனின் டம்ளரைப் பார்த்து வாயைத் திறந்தான்.

"குடுங்க," என்றேன். "அடுத்தவன் புள்ளைக்கு நேத்துக் குடுத்தீங்கல்ல?"

அவர் விரலைத் தோய்த்தார். விரல் பாதி வழியில் நின்றுவிட்டது. என்னைத் திட்டிக்கொண்டே டம்ளரைக் கீழே வைத்தார். மற்றவர்களும் அப்படித்தான். கொடுக்கக் கை வரவில்லை, கொடுக்காமல் குடிக்கத் துணிச்சலும் இல்லை. சின்னராசு மட்டும் வீம்புக்கு விரலை நீட்டினான். மயிலம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் டம்ளரைச் சுவரில் எறிந்தான்.

"தெனமும் வாரோம்," என்றாள் பாவாயி காளியண்ணனிடம். "புள்ளைக இருந்தாத்தான் லட்சணம்னியே!"

மூன்றாம் நாள் காளியண்ணன் தட்டி வாசலில் இலந்தை முள்ளை வெட்டிப் போட்டான். "புள்ளையோட வாரவனுக்கு இங்க எடமில்ல," என்று சின்னராசுவைத்தான் முதலில் விரட்டினான்.

சாராயம் நிற்கவில்லை. சின்னராசு ஒரு வருஷம் பாவாயிக்கு முகம் கொடுக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் மட்டும், உர்ரென்று, களியின் முதல் உருண்டையை மகளிடம் நீட்டுவான். அவள் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள்.