விட்டுடுங்க, மாப்ள

பெரிய நாடுகளெல்லாம் விண்வெளியைக் காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தபோது, உலகத்தின் முதல் துணைக்கோள் ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் தயாராகிக்கொண்டிருந்தது. பந்து அளவு, நாலு கம்பி மீசை. தெரு அதற்குப் 'பூசணி' என்று பெயர் வைத்தது. ராக்கெட் பொத்தானை அழுத்துகிறவருக்கு வைத்த பெயர் 'மாப்பிள்ளை'. தலைமைப் பொறியாளரின் மகளைக் கட்டியதால் வந்த வேலை என்று தெருவே சொல்லும். நாமும் சொல்லியிருக்கிறோம், வாய் வேறு எதற்கு?

முன்பு விட்ட இரண்டு ராக்கெட்டும் வெடித்துச் சிதறின. இதுவும் வெடித்தால் கொட்டகைக்குப் பூட்டு, மாமனாருக்கு வேலை போய் வீட்டோடு இருப்பு, மாப்பிள்ளைக்கு ஆயுசுக்கும் கேலி.

அன்று எரிபொருள் நிரப்பி, ஆட்களெல்லாம் ஒதுங்கிய பிறகு, அழுத்தமானியின் முள் மெல்ல இறங்கத் தொடங்கியது. எங்கோ கசிவு. மாப்பிள்ளை உடனே ஊருக்குள் அலுவலகத்தில் இருந்த மாமனாருக்குப் போன் போட்டார்.

“மாமா, அழுத்தம் இறங்குது. என்ன செய்யட்டும்?”

கரகரப்பு. ஒரு பெருமூச்சு. “விட்டுடுங்க, மாப்ள.”

லைன் கட்டானது.

கசிகிற ராக்கெட்டை விடச் சொல்கிறாரா? மனுஷனுக்கு இவ்வளவு நெஞ்சழுத்தமா? இன்னொரு முறை கேட்டிருக்கலாம். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து மாமனாரிடம் மறுகேள்வி கேட்டறியாத ஆள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

தகரம் அதிர்ந்தது. ராக்கெட் எழும்பி, தயங்கி, ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு அது நிமிர்ந்து மேகத்துக்குள் போய்விட்டது.

ரேடியோப் பெட்டி முன்னால் ஹெட்போனோடு இருந்தவள் அவர் மனைவி. “யாரு விடச் சொன்னது?”

“உங்கப்பாதான். விட்டுடுங்கன்னாரு.”

“ஐயோ! நாம சண்டை போட்டா அப்பா என்ன சொல்லி அடக்குவாரு?”

“விட்டுடு...” பாதியில் நின்றார். இப்போதுதான் உறைத்தது.

பூசணி பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கூவினால்தான் பிழைத்தது என்று அர்த்தம். ஹெட்போனில் வெறும் இரைச்சல். அவள் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகிக்கொண்டிருந்தாள். வாசலில் கார் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

“விட்டுடுங்கன்னுதானே சொன்னேன்!” மாமனார்.

“அதான் விட்டுட்டேன், மாமா.”

மாமனார் கையை ஓங்கினாரா, தலையில் வைத்துக்கொள்ளத் தூக்கினாரா என்பதில் பார்த்தவர்களுக்குள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அந்தக் கை இறங்குவதற்குள் மகள், “ஷ்ஷ்!” என்றாள்.

கீச்... கீச்... கீச்.

போன் அடித்தது. அமைச்சர். கசிவோடு விடச் சொன்னது யார் என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம்.

மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். சட்டை முழுக்க நனைந்து, நாற்காலியில் ஒட்டிப்போயிருந்தார் மனிதர். மாமனார் தொண்டையைச் செருமினார்.

“நான்தாங்க விடச் சொன்னேன்.”

சொல்லில் பொய் இல்லை, பாருங்கள்.

அடுத்த ராக்கெட்டுக்கு முன்னால் போனுக்கு மேலே ஒரு பலகை தொங்கியது: 'ஏவு' அல்லது 'நிறுத்து', வேறு சொல் கூடாது. வீட்டில் இவர்கள் சண்டை போட்டால்கூட மாமனார் இப்போது “நிறுத்துங்க” என்றுதான் கத்துகிறார். அடுத்த வீட்டுக்குத் தெளிவாகவே கேட்கிறது.