கடிகாரத்துக்கு அடியில் காப்பு

தேவதாஸை அன்றைக்குப் பாட வைத்தது நான்தான். யார் யார் மேலோ பழியைப் போட்டுப் பார்த்துவிட்டேன், எதுவும் நிற்கவில்லை.

எங்கள் நாட்டுச் சுதந்திர நாளான மெர்டேக்காவுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. எங்கள் ஊர் காஜா பெராங் மாரியம்மன் கோயிலில் திருவிழா தொடங்கியிருந்தது. தேவதாஸின் ஐந்து வயது மகள் சீதாவுக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகியிருந்தார்கள். பிள்ளை பிழைத்தால் பால்காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு அவன் காப்பு கட்டியிருந்தான். காவடியை இறக்கும்வரை அந்த மஞ்சள் கயிறு கையை விட்டுப் போகக்கூடாது. கட்டியவன் மதுக்கடைப் படியே ஏறக்கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நானும் அந்தக் கோயில் கூழைக் குடித்து வளர்ந்தவன்தானே.

ஆனால் சனிக்கிழமை அப்பாசாமி பாரில் எங்கள் கச்சேரி. நான் கிட்டார், நடராஜன் டிரம். குடிக்க வரும் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் புளூஸ் என்கிற சோகப் பாட்டு வேண்டும், அதற்குத் தேவதாஸின் தொண்டை வேண்டும். ஒரு சிப்பாய் விட்டுப்போன இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டவன். பாதி வரிக்கு அர்த்தம் தெரியாது. இருந்தாலும் அவன் பாடினால் கிட்டாரில் என் விரல் அடுத்த கம்பியை மறந்துவிடும். இந்தச் சனிக்கிழமை சரியாக அமையாவிட்டால் சிங்கப்பூரிலிருந்து வேறு குழுவைக் கூப்பிடுவேன் என்று அப்பாசாமி சொல்லிவிட்டார்.

"அரை மணி நேரந்தாண்டா. நாலு பாட்டு. ஒரு சொட்டு குடிக்க வேணாம்," என்றேன்.

தேவதாஸுக்கு என்னிடம் முடியாது என்று சொல்லத் தெரியாது. அது தெரிந்துதான் கேட்டேன். மனைவி ருக்மணியிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லச் சொன்னதும் நான்தான். இனி அப்பாசாமி ஒருவர்தான் பாக்கி. சாராயம் விற்றாலும் நெற்றி நிறைய விபூதி பூசுகிற மனுஷன், காப்பைக் கண்டால் உள்ளே விடமாட்டார். என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவன் காப்புக்கு மேல் இறுக்கிக் கட்டினேன். கயிறு அடியில் அழகாக மறைந்துவிட்டது. என்ன மூளை எனக்கு என்று பெருமை வேறு.

ஏழு மணிக்குத் தொடங்கினோம். நாலு பாட்டு எட்டானது, எட்டு இருபதானது. சிப்பாய்கள் மேசையைத் தட்டி இன்னொன்று, இன்னொன்று என்றார்கள். கடைசியில் தேவதாஸ் ஆங்கில வரிகளை விட்டுவிட்டு, அதே ராகத்தில், அதே அழுகையில், "ஆத்தா, என் பிள்ளைய விட்டுடு" என்று பாட ஆரம்பித்தான். நடராஜனின் குச்சி நின்றுவிட்டது. ஒரு வார்த்தையும் புரியாத சிப்பாய்கள்கூடக் கிளாஸைக் கீழே வைத்தார்கள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். இனிச் சிங்கப்பூர்க்காரன் வரமாட்டான் என்ற சந்தோஷம். இன்னொன்று பாடுடா என்று தலையை ஆட்டினேன். பாடினான்.

பத்து மணிக்குக் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தான். வியர்வையில் நைந்து அறுந்த காப்பும் வாரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கயிற்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினான். எனக்குப் பயமாக இருந்தது. பின்னாலேயே போனேன்.

பார்த் தீட்டோடு அம்மை கண்ட வீட்டுக்குள் போகக்கூடாது என்று தெருக் குழாயில் குளித்துவிட்டு, ஈரத் துணியோடு தன் வீட்டு வேலிக்கு வெளியே நின்றான். ருக்மணி வந்தாள். வேலிப் படலைத் திறக்கவில்லை. அவன் வெறுங்கையைப் பார்த்தாள்.

"தங்கச்சி, அவன் மேல தப்பில்ல. பாருக்குக் கூட்டிட்டுப் போனது நாந்தான். காப்ப மறைச்சதும் நாந்தான், இந்தக் கடிகாரத்தால," என்றேன்.

"மணி என்ன அண்ணே?"

பார்த்தேன். பத்தரை.

"எட்டு மணிக்குப் பிள்ள கண்ணு முழிச்சு, அப்பாவப் பாடச் சொல்லுன்னு கேட்டுச்சு. கோயிலுக்கு ஆளனுப்பித் தேடினேன், காணோம். இப்பக் காய்ச்சல் ஏறிப் போச்சு. நான் யாருன்னே அதுக்குத் தெரியல."

அவள் அழவில்லை. உள்ளே பிள்ளை ஏதோ முனகியது கேட்டது. தேவதாஸ் வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த ஜன்னலைப் பார்த்துப் பாட வாயைத் திறந்தான். மூன்று மணி நேரம் பாடிய தொண்டை. மறுபடியும் முயன்றான். வெறும் காற்றுதான் வந்தது.