கடைசி இரண்டு வரி

“கடைசியா என்ன பிள்ளை சொன்னவர்?” என்று அன்புராசா அங்கிள் கேட்டபோது, செரீனா சவப்பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். விரலில் பட்ட கழுத்து, பிரிஜ்ஜில் இருந்து எடுத்த பழம்போலச் சில்லிட்டது. காலையிலிருந்து எட்டுப்பேராவது இதைக் கேட்டிருப்பார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்று எட்டுப்பேருக்கும் ஒரே பொய்யைச் சொல்லியாயிற்று.

அப்பா பஸ்ரியன் மிசிசாகாவில் விமானங்களுக்குச் சரக்கு ஏற்றி இறக்கிய மனிதர். ஆனால் பதினெட்டு வருடமாக நத்தார்ப் பண்டிகை வந்தால், அஜின்கோர்ட் தேவாலய மண்டபத்தில் பாவாடையும் பொய்முடியுமாகப் பருத்த கைம்பெண் வேடத்தில் மேடையேறிவிடுவார். இங்கிலாந்தில் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்க்கும் சிரிப்பு நாடகம் அது, பான்டமைம் என்பார்கள். ஒரு காலத்தில் மலிவுச் சீட்டுக்காரர்கள் கூரையடியில் இருந்து கத்தினார்களாம், அவர்களின் வாயை மூடமுடியாமல் அந்தக் கத்தலையே நாடகத்தில் சேர்த்துவிட்டார்களாம் என்று, ஏதோ தன் பாட்டனும் அங்கே இருந்து கத்தியதைப்போல அப்பா பெருமையடிப்பார். அம்மா ஜெயமலருக்கு இந்தக் கூத்து துளியும் பிடிக்காது. நாடகத்தை எழுதி நடத்தும் றொபேட் என்ற வெள்ளைக்காரக் கிழவரை வாசலோடு அனுப்பிவிடுவாள்.

அந்தக் குழுவுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. நாடகத்தின் கடைசி இரண்டு வரியை ஒத்திகையில் யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சபை நிறைந்த முதல் காட்சி நாளில்தான் சொல்லலாம். முந்திச் சொன்னால் நாடகம் அங்கேயே முடிந்துவிடும், பிறகு ஆடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது என்பது அவர்களின் நம்பிக்கை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே ஒத்திகை வேண்டும் என்று அப்பா அடம்பிடித்தார். இனி எழும்பமாட்டார் என்று டொக்டர் சொல்லியிருந்தார். செரீனா மற்றவர்களின் வசனத்தை வாசித்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் வழக்கம்போல அவர் நிறுத்தி உதட்டை இறுக்கிக்கொண்டார். இரண்டு நாளாக அவளுக்குத் தூக்கமில்லை. முடிந்தால் போதும் என்றிருந்தது. அந்த இரண்டு வரியையும் அவளே வாசித்துவிட்டாள்.

அப்பா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை.

“நாடகத்தை முடிச்சுப்போட்டாய், பிள்ளை.”

அரைமணித்தியாலத்தில் போய்விட்டார்.

கொன்றது புற்றுநோய்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு கேட்கவில்லை. நான்தான் அப்பாவை அனுப்பிவைத்தேன் என்ற நினைப்பு மூன்று நாளாக அவளைத் தின்றது. றொபேட் கைத்தடியை ஊன்றியபடி அஞ்சலி மண்டபத்துக்குள் வந்ததும், மலர்வளையங்களின் பக்கமாக அவரைக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

கிழவருக்கு விளங்கவில்லை. எதை வாசித்தாய் என்று கேட்டார். கடைசி இரண்டு வரியைத் தான் ஒருநாளும் தாளில் எழுதுவதில்லை, முதல் நாள் திரை விலகுமுன் பஸ்ரியனின் காதில் சொல்வதுதான் வழக்கம் என்றார்.

செரீனா கைப்பையிலிருந்து பிரதியை எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் அப்பாவின் வசனம் முடிந்த இடத்துக்குக் கீழே வெறும் வெள்ளைத்தாள். அன்று அவள் இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் வாசித்தாள். எழுத்துக்கள் கொஞ்சம் சாய்ந்திருந்ததுகூட நினைவில் இருந்தது.

குனிந்து, கிழவரின் காதருகே அந்த இரண்டு வரியையும் சொன்னாள். விளக்கு அணைந்தாலும் எழும்பாமல் இருங்கள், உங்கள் நடுவிலேதான் எனக்கும் ஓர் இடம் பிடித்திருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் எதுகையோடு வரும் வரிகள்.

றொபேட் பக்கத்துக் கதிரையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். அதை இன்று காலைதான், அஜக்ஸில் இருக்கும் தன் வீட்டிலிருந்து காரில் வரும்போது மனதுக்குள் கட்டியதாகச் சொன்னார். மனைவியிடம்கூட இன்னும் சொல்லவில்லையாம்.

செரீனாவுக்குப் பயமாக இருந்தது. மண்டபம் நிறைந்துவிட்டது, இடமில்லாதவர்கள் சுவரோரமாக நின்றார்கள். மண்டப ஊழியர் வந்து, பூசைக்கு நேரமாகிறது, பெட்டியை மூடலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

“கொஞ்சம் பொறுங்கோ,” என்றாள் செரீனா.

ஜெயமலர் முன்வரிசையிலிருந்து திரும்பினாள்.

“ஏன் பிள்ளை, இன்னும் ஆர் வரவேணும்?”

செரீனாவின் கண்கள் ஒவ்வொரு வரிசையாக, உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைத் தேடிக்கொண்டு போயின.