பாதி கேட்ட பேச்சு

நகுலேஸ்வரியின் கணவர் செத்த ஐந்தாம் நாள், லண்டனில் மிச்சம் என்ற பகுதியிலிருந்த அவர்களுடைய பிளாட்டின் மணியை அடித்தவர் எதிர்வீட்டு மிஸிஸ் லாவ். ஹொங்கொங்கிலிருந்து வந்த வயதான சீனப் பெண். ஒரு பை தோடம்பழத்தை நீட்டிவிட்டு, நகுலேஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் மொழியில் எதையோ நிதானமாகச் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் வராது. ஜேர்மனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்த நகுலேஸ்வரிக்கும் அது அரைகுறைதான்.

அதன்பிறகு லிப்டுக்குக் காத்து நிற்கும்போதெல்லாம் மிஸிஸ் லாவ் அதே பேச்சைச் சொன்னார். ஏற்றமும் இறக்கமுமாக, பாட்டுப் போல இருக்கும். லிப்டுக் கதவு திறந்துவிடுவதால் நகுலேஸ்வரியின் காதில் முன்பாதிதான் தங்கியது. சாண்ட்விச் தொழிற்சாலையில் ரொட்டியை அடுக்கும்போது அவள் அதை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். மற்றபடி அவளோடு பேச அதிகம் பேர் இல்லை. ஒரே மகன் பிரியந்தன் ரொறன்ரோவில் இருந்தான்.

தகப்பனின் ஆண்டுத் திவசத்துக்குக் கட்டாயம் வருவதாக அவன் சொல்லியிருந்தான். வரவில்லை. ரெலிபோன்தான் வந்தது.

“லீவு தரமாட்டம் எண்டிட்டாங்கள் அம்மா. நான் என்ன செய்யிறது?”

“ஓம் தம்பி, பறவாயில்லை. ஐயர் வந்தவர். எல்லாம் வடிவா முடிஞ்சுது.”

ஐயர் போனபிறகு, ஆறு பேருக்குச் சமைத்த சாப்பாட்டை அவள் தனியே டப்பாக்களில் போட்டு மூடினாள். மறுநாள் காலை லிப்டடியில் மிஸிஸ் லாவ் திரும்பவும் அதையே சொன்னார். இந்த முறை நகுலேஸ்வரியால் பொருளை விசாரிக்காமல் இருக்க முடியவில்லை. வேலை முடிந்து வரும் வழியில் சீன டேக்அவே கடைக்குள் போய், காதில் தங்கியதை அப்படியே சொல்லிக் காட்டினாள். கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. மூன்று தரம் சொல்லச் சொன்னார்.

“தூரத்துச் சொந்தம்... உதவாது. அப்படி ஏதோ” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த ரெலிபோனை எடுக்கத் திரும்பிவிட்டார்.

நகுலேஸ்வரிக்கு முகம் சுட்டது. மகன் வராதது எதிர்வீட்டுக்காரிக்கு எப்படித் தெரியும்? செத்தவீட்டு நாளிலிருந்தே இதைத்தானே கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்! அன்றிலிருந்து வெளியே போகுமுன் கதவில் காதை வைத்துக் கேட்பாள். எதிர்வீட்டில் சத்தம் இருந்தால் அடங்கும்வரை காத்திருப்பாள், இல்லாவிட்டால் படியால் இறங்கிப் போவாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. கதவுத் துளையால் பார்த்தாள். மிஸிஸ் லாவ், கோட்டும் தொப்பியும் போட்டபடி நின்றார். மறுபடி அடித்தார். நகுலேஸ்வரி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். கடைசியில் அவர் உள்ளங்கையைக் கதவில் ஒருமுறை வைத்து எடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் எதிர்வீடு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு நடுத்தர வயதுப் பெண் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் ஐரீன். லீட்ஸிலிருந்து வந்திருந்தாள். தாய்க்கு மறதி கூடிவிட்டதாம். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தாயிற்றாம்.

“போகுமுன் உங்களிடம் சொல்லிவிட்டுப் போக வந்தார். நீங்கள் வீட்டில் இல்லை என்றார்.”

நகுலேஸ்வரி ஒரு பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொடுத்தாள். அப்படியே அந்தச் சீனப் பேச்சைச் சொல்லி, “உங்கள் அம்மா ஏன் எனக்கு இதைச் சொன்னார்?” என்று கேட்டாள்.

“இது பாதிதானே” என்றாள் ஐரீன். “மிச்சப் பாதியில் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிற பழமொழி. எங்கேயோ இருக்கிற சொந்தத்தைவிட அவரைத்தான் அது பெரிதாகப் பேசும். நான் இருக்கிறேன், யோசிக்காதே என்று அம்மா உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.”

சொல்லி முடித்த பிறகுதான், அதில் வருகிற தூரத்துச் சொந்தம் தான்தான் என்பது ஐரீனுக்குப் பட்டிருக்கவேண்டும். கையிலிருந்த ஒட்டுநாடாவின் நுனியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். நகுலேஸ்வரி அவளுக்குத் தேநீர் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தோர்ண்டன் ஹீத்துக்குப் போனாள். மிஸிஸ் லாவ் ஜன்னலோரம் இருந்தார். அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, கையைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். பழைய பேச்சு இல்லை. இது வேறு, நீளமானது, இடையில் கேள்விகளும் இருந்தன. குளிருகிறதாக்கும் என்று நகுலேஸ்வரி ஜன்னலைச் சாத்தினாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். தண்ணீர் கொடுத்தாள். அதுவும் இல்லை.

“இவர் என்ன கேட்கிறார் என்று உங்களுக்காவது விளங்குகிறதா?” என்று தாதி ஆவலோடு கேட்டாள். “இங்கே ஒருவருக்கும் இந்த மொழி தெரியாது.”

“எனக்கும் தெரியாது.”

பிறகு வேறு வழியில்லாமல் தமிழிலேயே சொன்னாள்: “அண்டைக்கு நான் வீட்டிலதான் நிண்டனான். கதவைத் திறக்கேல்லை.” மிஸிஸ் லாவ் கவனமாகக் கேட்டுவிட்டு, திரும்பத் தன் கேள்வியைக் கேட்டார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பிரியந்தனின் ரெலிபோன் வந்தது.

“எங்க அம்மா நிக்கிறியள்? வாகனச் சத்தம் கேக்குது.”

“ஒரு சிநேகிதியைப் பாக்க வந்தனான்.”

“ஆரது? என்ன பேர்?”

லாவ் என்பது மிஸிஸ் லாவின் செத்துப்போன புருஷனின் பெயர். அவருடைய சொந்தப் பெயரை நகுலேஸ்வரி ஒருநாளும் கேட்டதில்லை.

“தெரியாது தம்பி” என்றாள்.